அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பணித்திறன் வளர்ச்சிக்குச் சமூக ஊடகமும் இலவச இணையக் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பணிபுரிகிறவர்கள், குறுவளமையப் பயிற்சிக்கு (அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்களைக் கூட்டித் துறை நடத்தும் பயிற்சிக்கு) வெளியே தாமாகக் கற்க முற்படும்போது எழுப்பும் கேள்விகள் இவை. ஒரு கைப்பேசி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அவ்வப்போது அறுந்துபோகும் இணையம், இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு விடை எழுதியிருக்கிறோம். செயலிகளின் வரம்புகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறும். பணம் கட்டும் முன் அந்தந்தத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? எந்தச் செயலியை முதலில் நிறுவ வேண்டும்?

செயலி அப்புறம். சென்ற வாரம் வகுப்பில் சறுக்கிய ஒரு பாடத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னங்களின் வகுத்தல் என்று வைத்துக்கொள்வோம். 1/2 ஐ 1/4 ஆல் வகுத்தால் 2 வரவேண்டும். பாதி வகுப்பு 1/8 என்று எழுதியிருக்கிறது. "பெருக்கியிருக்கிறார்கள்; வகுத்தால் விடை பெரிதாகும் என்பதை நம்ப மறுக்கிறார்கள்." இந்த ஒரு வரியைத் தாளில் எழுதியபின் கைப்பேசியை எடுங்கள்.

தேடும்போது "கணிதம் கற்பித்தல் முறைகள்" என்று போட்டால் பி.எட். தேர்வுக் குறிப்புகள்தான் குவியும். "பின்னம் வகுத்தல் தாள் மடிப்பு" என்பதுபோல் கருத்தையும் செயலையும் சேர்த்துப் போடுங்கள். பாடநூலின் கலைச்சொல்லைத் தமிழில் ஒருமுறையும், அதே சொல்லை ஆங்கிலத்தில் ஒருமுறையும் தேடுங்கள். தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் முழுப் பாட விளக்கங்கள். மாணவர் எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார் என்று அலசும் பதிவுகள் ஆங்கிலத்தில்தான் மிகுதி.

குழுவில் கேட்பதற்கும் இதே விதி. "பின்னம் நடத்த ஐடியா சொல்லுங்க சார்" என்றால் இருபது கட்டைவிரலும் இரண்டு பி.டி.எஃப்.பும் வரும். "தாளை மடித்துக் காட்டினேன், அரையில் எத்தனை கால் இருக்கிறது என்று கேட்டால் சொல்கிறார்கள், எண்ணாக எழுதியதும் பெருக்கிவிடுகிறார்கள், அடுத்து என்ன செய்யலாம்?" என்று கேட்டால், அதே சிக்கலைக் கடந்த ஒருவர் பதில் எழுதுவார். என்ன செய்து பார்த்தோம், எங்கே நின்றது என்ற இரண்டும் கேள்வியில் இருக்கட்டும்.

இதற்கென்று தனி மின்னஞ்சல் தேவையா?

தேவை. வீட்டுப் படங்களும் பயிற்சிக் கோப்புகளும் ஒரே கூகுள் கணக்கில் இருந்தால் 15 ஜி.பி. இலவச இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. இடம் நிரம்பினால் புதிய மின்னஞ்சலும் வராது. தேர்வு நுழைவுச்சீட்டு வராமல் போனதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

கணக்கின் பெயரைப் பணிப்பதிவேட்டில் உள்ளபடி, முதலெழுத்து உட்பட, அப்படியே வையுங்கள். சான்றிதழ்கள் பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே அச்சாகும். மீட்பு எண்ணாக உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். பள்ளியின் பொதுக் கணக்கில் படிப்புகளுக்குப் பதிவு செய்ய வேண்டாம். மாறுதலில் போகும்போது கணக்கு அங்கேயே தங்கிவிடும், சான்றிதழும் அதோடு தங்கிவிடும்.

பாட ஆசிரியர் குழுவுக்கு வாட்ஸ்அப் நல்லதா, டெலிகிராம் நல்லதா?

அன்றாடப் பேச்சுக்கு வாட்ஸ்அப், சேமிப்புக்கு டெலிகிராம் என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

வாட்ஸ்அப் எல்லோரிடமும் இருக்கிறது. கேட்ட பத்து நிமிடத்தில் பதில் வரும். குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் 60 பேரைத் தாண்டினாலே உரையாடல் அறிவிப்புப் பலகையாக மாறத் தொடங்கிவிடுகிறது என்பது எங்கள் கணிப்பு. அதன் பெரிய குறை, கோப்புகள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இறங்கி இடத்தை அடைப்பது. இடம் போதாமல் அழித்தபின் பழைய கோப்பைத் திறக்கப் போனால், மறுபடி அனுப்பச் சொல்லும் செய்திதான் மிஞ்சும். "அந்த எட்டாம் வகுப்பு வினாத்தாளை யாராவது மறுபடி போடுங்க" என்ற கோரிக்கை வாரம் மூன்று முறை வருவது இதனால்தான்.

டெலிகிராமில் கோப்புகள் அதன் சேவையகத்தில் இருக்கும். ஒரு கோப்பு 2 ஜி.பி. வரை இருக்கலாம், குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம். குழு அமைப்பில் பழைய செய்திகளைக் காட்டச் சொல்லிவைத்தால், நேற்றுச் சேர்ந்தவரும் மூன்றாண்டுக்கு முந்தைய பதிவைத் தேடி எடுக்கலாம். #வகுப்பு8_அறிவியல்_அலகு3 என்று குறிச்சொல் இட்டுக் கோப்பைப் போட்டால், அதைத் தொட்டதும் அந்த அலகின் பதிவுகள் வரிசையாக வரும். குறிச்சொல்லில் இடைவெளி விடாதீர்கள். இடைவெளியோடு அது முடிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் பொதுவாக உறுப்பினர் அனைவருக்கும் தெரியும். டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று அமைப்பில் மாற்றிக்கொண்டு, பயனர் பெயரோடு மட்டும் பங்கேற்கலாம். முன்பின் தெரியாத 500 பேர் உள்ள மாநில அளவிலான குழு என்றால், குறிப்பாகப் பெண் ஆசிரியர்களுக்கு, இந்த ஒரு காரணமே போதும். அதே நேரம், டெலிகிராமின் சாதாரணக் குழுப் பேச்சு முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டுவது) செய்யப்படுவதில்லை. மாணவர் பற்றிய விவரங்களை அங்கே இடக்கூடாது.

கரும்பலகை, மாணவர் நோட்டு ஆகியவற்றைப் படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், கையெழுத்து கரைந்துபோகும். இணைப்புக் குறியைத் தொட்டு, படமாக அனுப்பாமல் ஆவணமாகத் தேர்ந்து அனுப்பினால் எழுத்து எழுத்தாகவே போய்ச் சேரும்.

நன்றாகத் தொடங்கிய குழுக்கள் ஏன் சீக்கிரம் செத்துவிடுகின்றன?

காலை வணக்கப் படம், பணப்பயன் வதந்தி, மாறுதல் கலந்தாய்வுச் செய்தி, கட்சி அரசியல். இந்த நான்கும் நுழைந்ததும் உருப்படியாகப் பதில் சொல்கிறவர்கள் அறிவிப்பொலியை நிறுத்திவிடுகிறார்கள். குழுவை விட்டு விலகமாட்டார்கள், நாகரிகம் கருதி. ஆனால் திறப்பதும் இல்லை. நிர்வாகிக்கு 80 பேர் இருப்பதாகத் தெரியும். உண்மையில் ஆறு பேர்தான் இருப்பார்கள்.

விதிகளை ஒட்டிவைத்தால் மட்டும் போதாது. முதல் மீறலை அன்றே நீக்க வேண்டும், மூத்தவர் போட்டிருந்தாலும் சரி. நீக்கிவிட்டுத் தனிச்செய்தியில் "ஐயா, இங்கே பாடம் மட்டும் என்று வைத்திருக்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார்கள். பொதுவில் கண்டித்தால் சண்டை, அமைதியாக இருந்தால் அடுத்த நாள் பத்து பேர்.

குழுவுக்கு ஒரு தாளம் இருந்தால் அது நிற்கும். திங்கட்கிழமை ஒருவர் தம் வகுப்பின் ஒரே ஒரு தவறான விடையைப் படமெடுத்துப் போடுகிறார், பெயரை மறைத்து. புதன் வரை மற்றவர்கள் அது ஏன் வந்தது என்று ஊகிக்கிறார்கள். வெள்ளியன்று போட்டவர் தாம் செய்து பார்த்ததைச் சொல்கிறார். முறை வைத்துக்கொண்டால் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட பருவத்துக்கு ஒருமுறைதான் வரும். வேலை பெரிதில்லை. அழைப்பு இணைப்பு வெளியே கசிந்து அறிமுகமற்ற எண்கள் நுழைந்தால், குழுத் தகவலில் போய் அந்த இணைப்பை மீளமைத்துவிடுங்கள்; பழையது அப்போதே செயலற்றுப் போகும்.

ஃபேஸ்புக், எக்ஸ், லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் எல்லாம்?

தமிழில் எழுதும் ஆசிரியர்கள் மிகுதியாக இருப்பது ஃபேஸ்புக் குழுக்களில்தான். அங்கே முகப்பு ஓடையை உருட்டாதீர்கள். குழுவுக்குள் இருக்கும் தேடுபெட்டியில் அலகின் பெயரைப் போடுங்கள். ஓடை உங்களுக்குக் காட்டுவது அதிகம் சண்டை நடந்த பதிவை, தேடுபெட்டி காட்டுவது உங்களுக்கு வேண்டியதை.

எக்ஸில் பட்டியல் என்று ஒரு வசதி உண்டு. பாடத்துறை அறிஞர்கள், அறிவியல் அருங்காட்சியகங்கள் என முப்பது கணக்குகளைப் பட்டியலில் சேர்த்து, அதை மட்டும் வாரம் ஒருமுறை திறந்தால் போதும். லிங்க்ட்இன், பாடத்திட்ட வடிவமைப்பு, பயிற்சியாளர் பணி, தொண்டு நிறுவனப் பணி என்று வேறு திசை பார்ப்பவர்களுக்கு உதவும். வகுப்பறைக்கு அதனால் நேர்ப் பயன் குறைவு. இன்ஸ்டாகிராமில் வகுப்பறை அலங்காரம் நன்றாக இருக்கும்.

யூடியூபில் நிறையப் பார்க்கிறேன், எதுவும் மனத்தில் நிற்பதில்லை. என்ன செய்வது?

பார்ப்பது சுகமாக இருப்பதுதான் காரணம். விளக்குகிறவர் தெளிவாக விளக்கினால் நமக்கே புரிந்துவிட்டதுபோல் இருக்கும். கையில் நோட்டு இல்லாமல் பாடக் காணொளியைத் திறக்காதீர்கள். முதல் ஓட்டத்தில் வேகத்தை 1.5 ஆக வைத்து முழுவதும் பாருங்கள். பிறகு நிறுத்திவிட்டு, அவர் கேட்ட கேள்விகளை மட்டும் நினைவிலிருந்து எழுதுங்கள். விளக்கத்தை எழுத வேண்டாம், அது பாடநூலிலேயே இருக்கிறது. நல்ல ஆசிரியரின் சரக்கு அவர் எந்த வரிசையில் எதைக் கேட்டார் என்பதில் இருக்கிறது. விட்டுப்போன இடத்தை மட்டும் மறுபடி பாருங்கள். கணினியில் ஜே விசை 10 விநாடி பின்னே, எல் விசை 10 விநாடி முன்னே போகும்.

"பிறகு பார்க்க" என்ற பட்டியல் ஒரு பாழுங்கிணறு. அலகின் பெயரில் தனித்தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆறாவது வந்தால் ஒன்றை நீக்குங்கள். உரிமையாளர் காணொளியை அழித்துவிட்டால் பட்டியலில் அதன் தலைப்புகூட மிஞ்சாது. ஆகவே தலைப்பையும் அலைவரிசைப் பெயரையும் நோட்டில் குறித்துவையுங்கள்.

நானே காணொளி பதிவேற்றலாமா?

தாராளமாக. சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளி ஏறாது. கைப்பேசி எண்ணைச் சரிபார்த்ததும் அந்தத் தடை நீங்கும். பொதுவில் விட விருப்பமில்லையானால் "பட்டியலிடப்படாதது" என்று வைத்தால், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். "குழந்தைகளுக்கானது" என்று குறித்தால் பின்னூட்டப் பகுதி மூடப்படும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கான பாடம் என்றால் அப்படிக் குறிக்கத்தான் வேண்டும். பிற ஆசிரியர்களுக்கான செயல்விளக்கம் என்றால் தேவையில்லை.

படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், ஒலி சரியில்லையென்றால் முதல் நிமிடத்திலேயே போய்விடுவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கம்பியுள்ள காதணிக்கருவியின் ஒலிவாங்கியைச் சட்டைப் பொத்தானருகே செருகுங்கள், காலி வகுப்பறையைத் தவிருங்கள், எதிரொலி விழுங்கிவிடும். கணினித் திரையைப் பதிவு செய்ய ஓ.பி.எஸ். ஸ்டுடியோ முற்றிலும் இலவசம். காணொளியை அத்தியாயமாகப் பிரிக்க, விளக்கப் பெட்டியில் நேரக்குறிப்புகளை எழுதுங்கள். முதல் குறிப்பு 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடியாவது நீள வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் பிரிவுகள் தோன்றா.

விளம்பர வருமானம் வேறு விவகாரம். அரசு ஊழியருக்கு 1973 ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பொருந்தும். வருமானம் வரும் எந்த வேலைக்கும் முன் அனுமதி கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

சுவயம், என்.பி.டி.இ.எல். படிப்புகள் உண்மையில் இலவசமா?

சுவயம் மத்திய அரசின் இணையப் படிப்புத் தளம். படிப்பது இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கக் கட்டணம் உண்டு. என்.பி.டி.இ.எல். தேர்வுக்கு ஒரு படிப்புக்கு 1,000 ரூபாய் என்பது பல பருவங்களாக இருந்துவந்த கட்டணம். ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் 2003 இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., 2017 இல் வந்த சுவயம் தளத்தின் தேசிய ஒருங்கிணைப்பாளர்களில் ஒன்று. என்.சி.இ.ஆர்.டி., இக்னோ, என்.ஐ.ஓ.எஸ். போன்றவையும் அதே தளத்தில் படிப்புகள் நடத்துகின்றன. அவற்றின் மதிப்பெண் கணக்கு வேறு.

என்.பி.டி.இ.எல். கணக்கு இப்படி. வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, நேரில் மையத்துக்குச் சென்று எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் படிப்பில் சிறந்த 8 ஒப்படைப்புகளின் சராசரி, எட்டு வாரத்தில் சிறந்த 6, நான்கு வாரத்தில் சிறந்த 3. சான்றிதழுக்கு 25 இல் 10 உம், 75 இல் 30 உம் தனித்தனியே எடுக்க வேண்டும். தேர்வில் 60 வாங்கிவிட்டு ஒப்படைப்பில் 9 என்றால் சான்றிதழ் கிடையாது. தோற்பவர்களில் பலர் தேர்வில் தோற்பதில்லை. வாரக்கணக்கில் ஒப்படைப்பை விட்டுவிட்டு, பிறகு எண்ணிக்கை போதாமல் விழுகிறார்கள்.

முதன்முறை சேர்பவர் நான்கு அல்லது எட்டு வாரப் படிப்பை எடுப்பது நல்லது, அதுவும் ஒன்றே ஒன்று. பருவங்கள் சனவரியிலும் சூலையிலும் தொடங்குகின்றன. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு நடத்துபவர்களுக்கு சனவரிப் பருவம் பொதுத்தேர்வோடு மோதும், சூலைதான் தோது. படிப்பில் சேர்ந்த அதே மின்னஞ்சலில் தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டும். வேறு மின்னஞ்சலில் பணம் கட்டினால் ஒப்படைப்பு மதிப்பெண் உங்கள் தேர்வோடு சேராது. சில படிப்புகளுக்கு உரையின் எழுத்துவடிவம் தமிழிலும் கிடைக்கிறது. சேரும் முன் பாடப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீக்‌ஷாவில் படித்து முடித்தேன், சான்றிதழ் வரவில்லை. ஏன்?

இது பாடங்களும் ஆசிரியர் பயிற்சிகளும் உள்ள அரசுத் தளம். சான்றிதழ் வராததற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். முதலாவது, பாடத்தைத் தரவிறக்கி இணையமில்லாமல் பார்த்திருப்பீர்கள். அந்த முன்னேற்றம், மறுபடி இணையத்தோடு செயலியைத் திறந்து ஒத்திசைத்த பிறகே பதிவாகும். இரண்டாவது, ஒருநாள் கூகுள் கணக்கிலும் மறுநாள் மாநில உள்நுழைவிலும் போயிருப்பீர்கள்; தளத்துக்கு நீங்கள் இரண்டு ஆட்கள், இருவருமே பாதி முடித்தவர்கள். மூன்றாவது, ஏதோ ஒரு காணொளியைக் கடைசி விநாடி வரை ஓடவிடாமல் மூடியிருப்பீர்கள். பாடத்தின் உள்ளடக்கப் பட்டியலைத் திறந்து, முடிந்ததாகக் குறி விழாத உருப்படியைத் தேடினால் பிடிபடும். இவை எல்லாம் சரியென்றாலும் சில நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். பயிற்சி முடியும் கடைசித் தேதியன்று நாடே உள்ளே நுழையப் பார்க்கும். ஒரு வாரம் முன்னரே முடித்துவிடுங்கள்.

பாடநூலின் விரைவுக் குறியீடு (கியூ.ஆர்.) கிழிந்தோ மங்கியோ இருந்தால், அதன் கீழே அச்சிட்ட ஆறெழுத்துக் குறியைச் செயலியின் தேடுபெட்டியில் தட்டினாலும் அதே பக்கம் திறக்கும்.

2020 தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணித்திறன் வளர்ச்சி என்று சொல்கிறது. எந்தப் பயிற்சி கணக்கில் ஏறும் என்பதைத் துறை அறிவிப்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகச் சேர்ந்த படிப்பு தானாகவே ஏறிவிடும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

இணைய வினாடி வினா எழுதினால் வரும் மின்சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டா?

இல்லை என்றே சொல்லிவிடலாம். 2020 ஊரடங்கின்போது கல்லூரிகள் கூகுள் ஃபார்மில் இருபது கேள்வி போட்டுச் சான்றிதழ் அனுப்பத் தொடங்கின. பதில் தெரியாமலே மறுபடி மறுபடி அழுத்தி வாங்கலாம். பலருக்கு அதுவும் வந்து சேரவில்லை. சான்றிதழை அனுப்ப ஃபார்மோடு இணைக்கும் கூடுதல் நிரல், இலவசக் கூகுள் கணக்கில் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அஞ்சல் அனுப்பும், 101 ஆவது ஆளுக்குப் போகாது. நீங்களே நடத்துவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

சான்றிதழுக்குப் பணம் கேட்டாலும், ஓ.டி.பி. கேட்டாலும், எமிஸ் (கல்வித் துறையின் பள்ளித் தகவல் தளம்) எண்ணைக் கேட்டாலும் மூடிவிடுங்கள்.

வகுப்பில் நேரடியாகப் பயன்படும் இலவசக் கருவிகள் எவை?

அறிவியலுக்குப் பெட் (PhET), கணிதத்துக்கு ஜியோஜீப்ரா (GeoGebra). வேறு பத்து இருக்கின்றன, ஆனால் இந்த இரண்டையும் முழுதாகக் கற்றபின் பார்த்துக்கொள்ளலாம்.

பெட் உருவகங்களை, அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் மாதிரிகளை, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். தளத்தில் மொழி வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தால் தமிழாக்கம் செய்யப்பட்டவை மட்டும் வரும். ஒவ்வொன்றையும் தரவிறக்கலாம், அது ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு, உலாவியில் திறந்தால் இணையமின்றி ஓடும். பென் டிரைவில் எடுத்துப்போய் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் எல்லாக் கணினியிலும் போட்டுவிடலாம்.

மின்சுற்று உருவகத்தைத் திறந்ததும் பிள்ளைகள் முதலில் செய்வது மின்கலத்தின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைப்பதுதான். மின்கலம் தீப்பற்றும், வகுப்பு ஆரவாரிக்கும். தடுக்காதீர்கள், ஐந்து நிமிடம் எரியட்டும். பிறகு "ஏன் எரிந்தது? எதைச் சேர்த்தால் எரியாது?" என்று கேட்டால் மின்தடை பற்றிய பாடம் அங்கிருந்தே தொடங்கிவிடும். முதலிலேயே பதினைந்து கட்டளைகள் எழுதிய தாளைக் கொடுத்தால், அவர்கள் கட்டளையைத்தான் பார்ப்பார்கள், சுற்றைப் பார்க்கமாட்டார்கள்.

ஜியோஜீப்ரா மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001 இல் உருவாக்கத் தொடங்கியது. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டிக் காட்டும் பாடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பதின்ம இடங்களைச் சுழியமாக வைத்தால் மூன்று கோணங்களும் தனித்தனியே முழுமையாக்கப்பட்டு, 60, 60, 61 என்று தெரியலாம். பிள்ளைகள் கூட்டி 181 என்பார்கள். அமைப்பில் முழுமையாக்கலை 2 பதின்ம இடமாக மாற்றினால் பிழை நூறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். மேல்வகுப்பு என்றால் மாற்றாமலே விட்டு, பிழை எங்கிருந்து வருகிறது என்று அவர்களையே தேடச் சொல்லலாம்.

கூகுள் ஃபார்மில் தேர்வு வைப்பதால் எனக்கு என்ன பயன்?

திருத்தும் நேரம் மிச்சமாவது சிறிய பயன். எந்தக் கேள்வியில் எந்தத் தவறான விடையை எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்பது படமாகத் தெரிவதுதான் பெரிய பயன். அதற்குத் தவறான விடைகளை யோசித்து வைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன பின்னக் கணக்கில் 2, 1/8, 1/2, 8 என்று கொடுத்தால், 1/8 ஐத் தேர்ந்தவர் பெருக்கியிருக்கிறார், 1/2 ஐத் தேர்ந்தவர் திருப்பிப்போட்டு வகுத்திருக்கிறார். இப்படி வடிவமைத்த ஐந்து கேள்வி, மனம்போன போக்கில் எழுதிய இருபத்தைந்துக்கு மேல்.

சிக்கல்கள்: கோப்பு பதிவேற்றும் கேள்வி வைத்தால் விடையளிப்பவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும், பிள்ளைகளிடம் அது இருக்காது. தமிழில் ஒருசொல் விடை கேட்டால், "மின்னோட்டம்", "மின் ஓட்டம்" இரண்டையும் சரியென்று முன்கூட்டிச் சேர்க்காவிட்டால் ஒன்று தவறாகிவிடும். அட்டவணைக்கு வந்த பெயர்களை வரிசைப்படுத்தும்போதும் இதே தொல்லை. பெயர் கேட்பதைவிட வரிசை எண் கேளுங்கள்.

பழைய பாடக்குறிப்புகள் பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. பகிர்ந்தால் குப்பையாகத் தெரிகிறதே?

அவை யுனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குறிகளே வெளிப்படும். இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் உண்டு. எந்த எழுத்துருவிலிருந்து என்பதைச் சரியாகத் தேர்ந்தால் பெரும்பகுதி மாறிவிடும். கணக்குக் குறிகளும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் சிதையும், அவற்றைக் கையால் திருத்துங்கள்.

அச்சுத்தாள் மட்டும்தான் இருக்கிறதென்றால் நிழலில்லாமல் படமெடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, அதை கூகுள் டாக்ஸில் திறக்கச் சொல்லுங்கள். படத்தின் கீழே எழுத்துகள் தட்டச்சு வடிவில் வரும். ஒரே நெடுவரிசையாக உள்ள அச்சுக்கு நன்றாக வரும். இரண்டு நெடுவரிசையும் அட்டவணையும் குழம்பும், கையெழுத்துக்கு நம்ப முடியாது.

மூன்று பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து இணையத்தில் பாடம் திட்டமிட முடியுமா?

முடியும். இலவசக் கணக்கில் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் கூகுள் மீட் 60 நிமிடத்திலும், ஜூம் 40 நிமிடத்திலும் நின்றுவிடும். இந்த வரம்பு நல்லதுதான். ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பை எல்லோரும் திறந்துவைத்து, பேசும்போதே எழுதுங்கள். கூட்டம் முடிந்தபின் எழுதுகிறேன் என்று சொன்ன குறிப்பு வருவதில்லை. இணைப்பாகப் பகிரும்போது "பார்வையாளர்" என்றே இயல்பாக இருக்கும், "திருத்துபவர்" என்று மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

பிறர் ஆக்கங்களைப் பயன்படுத்தலாமா?

1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52 ஆம் பிரிவில், பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஆக்கத்தைப் படியெடுப்பதையும் தேர்வு வினாவில் சேர்ப்பதையும் உரிமை மீறலாகக் கொள்வதில்லை. அதே பக்கங்களை பி.டி.எஃப். ஆக்கி ஐயாயிரம் பேர் உள்ள டெலிகிராமில் போடுவதற்கு இந்தச் சலுகை நீளாது. தனியார் வழிகாட்டி நூல்களின் படிகள் குழுவில் வந்தால் நிர்வாகி நீக்குவது நல்லது. படங்களுக்கு விக்கிமீடியா காமன்சில் தேடுங்கள். படைப்பாளர் பெயரையும் உரிமக் குறியையும் படத்தின் கீழே எழுதிவிட்டால் பெரும்பாலானவற்றைத் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

மாணவர் படங்களைப் பகிரலாமா?

முகம் தெரியும் படம் வேண்டாம். 2023 ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் குழந்தை என்கிறது. அவர்கள் தரவுக்குப் பெற்றோர் இசைவு வேண்டும் என்கிறது. தலைமையாசிரியர் வாய்மொழியாகச் "சரி" என்றது பெற்றோர் இசைவு ஆகாது. கைகள், நோட்டு, செய்த மாதிரி, பின்புறத்திலிருந்து எடுத்த வகுப்பு ஆகியவையே செயல்பாட்டைக் காட்டப் போதும். அரசின் கொள்கையை விமர்சிக்கும் பதிவுகளும் நடத்தை விதிகளுக்குள் வரும். தனிக் கணக்கு, பூட்டிய குழு என்பதெல்லாம் திரைப்பிடிப்பு எடுப்பவரைத் தடுக்காது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் உதவுமா?

தவறான விடைத் தெரிவுகளை உருவாக்க, ஒரு பத்தியை மூன்று வாசிப்பு நிலைகளில் எழுதித்தர, கேள்விகளைப் பெருக்க நன்றாக உதவும். குறள் எண், செய்யுள் அடி, ஊர் வரலாறு, இலக்கணக் குறிப்பு ஆகியவற்றில் தயக்கமே இல்லாமல் பொய் சொல்லும். பாடநூலை அருகில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். மாணவர் பெயர், மதிப்பெண், எமிஸ் விவரம் எதையும் உள்ளிடாதீர்கள்.

எங்கள் ஊரில் இணையமே சரியாக வராது.

கிவிக்ஸ் என்ற செயலியில் தமிழ் விக்கிப்பீடியாவையே ஒரு கோப்பாக இறக்கிவைத்து இணையமின்றிப் படிக்கலாம். நகரத்துக்குப் போகும் நாளில் அதையும் பெட் உருவகங்களையும் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். யூடியூப் செயலியில் இறக்கிய காணொளிக்குக் காலவரம்பு உண்டு, அதை நம்பி அடுத்த மாதப் பாடத்தைத் திட்டமிட வேண்டாம்.

கற்றதை எப்படிப் பதிவுசெய்து வைப்பது?

கூகுள் ஷீட்ஸில் ஒரே ஒரு தாள், நான்கு பத்திகள்: தேதி, வகுப்பறைச் சிக்கல், எங்கே என்ன கண்டேன், வகுப்பில் செய்து பார்த்தபோது என்ன நடந்தது. வாரத்துக்கு ஒரு வரி போதும், ஆண்டுக்கு நாற்பது வரும். மாறுதலில் போனாலும் கூடவே வரும், குறுவளமையக் கூட்டத்தில் பேசச் சொன்னால் கையில் இருக்கும். மூன்றாம் பத்தி தானாக நிரம்பிக்கொண்டே போகும். ஏப்ரல் கடைசியில் தாளைத் திறந்து, நான்காம் பத்தி காலியாக இருக்கும் வரிகளையெல்லாம் அழித்துவிடுங்கள்.